தேவமலர் பங்கு சரிந்த வாரம்

1986-இல் விழுப்புரத்தில் தேவமலர் பப்ளிசிட்டியைத் தெரியாதவர்கள் குறைவு. மெட்ராஸ் கம்பெனி. சோப்பு, சைக்கிள், தலைவலி மாத்திரை என்று எதற்கு வேண்டுமானாலும் சாலையோரம் பெரிய தகரப் பலகை நிறுத்தி விளம்பரம் செய்யும். அது பொதுமக்களுக்குப் பங்கு விற்க ஆரம்பித்தபோது, ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்த காந்திமதிதான் ஊரில் முதல் ஆளாக விண்ணப்பம் போட்டாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெஷின்களோடு குடித்தனம் நடத்துகிறவள் என்று அவள் காதுபடவே கேலி பேசுவார்கள். இங்கிலீஷ் பேப்பரில் பங்குப் பக்கத்தைப் படித்து அர்த்தம் சொல்லத் தெரிந்தவளும் அவள்தான். அவளைக் கேட்டுத்தான் தலைமையாசிரியர் அப்பாதுரை தேவமலர் வாங்கினார். கோலியனூரில் கரும்பு போடும் பெரியசாமி வாங்கினார். ஆஸ்பத்திரி நர்ஸ் சவுரியம்மாளும் வாங்கினாள்.

வாங்கின பிறகு அவர்களுக்கு ரோடே வேறு மாதிரி தெரிந்தது. பஸ்ஸில் போகும்போது தேவமலர் பலகை கண்ணில் பட்டால் சவுரியம்மாள் பக்கத்து சீட்டுக்காரியை இடித்து, "அது நம்மளுது" என்பாள். பலகையின் காலில் எருமை ஒன்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பெரியசாமி சைக்கிளை நிறுத்திவிட்டுப் போய் அதை விரட்டினார். சாயங்காலம் இன்ஸ்டிட்யூட் வாசலில் கூடி, எந்த ஊரில் புதுப் பலகை வந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கல்யாண வீட்டுக் களை இருக்கும் அந்தப் பேச்சில்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை சுப்பராயலு வேகமாக உள்ளே வந்தார். சிறுசேமிப்பு ஏஜெண்டு. விழுப்புரத்துக்காரர்களின் பங்குப் பத்திரங்களையும் திண்டிவனத்துக்காரர்களின் பத்திரங்களையும் மெட்ராஸ் புரோக்கரிடம் கொண்டு சேர்ப்பவரும் அவர்தான்.

"டீச்சர், ஒரே பேஜாரா கீது. திண்டிவனத்துல தேவமலரை விக்கறாங்க. ஆயில் மில் அரங்கநாதனே விக்கறாராம்."

அரங்கநாதன் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் எண்ணெய் எடுக்கும் மில் வைத்திருப்பவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தேவமலர் பங்கு அதிகம் வைத்திருந்தவர். அவரே விற்கிறார் என்றால்?

மறுநாள் அப்பாதுரை திண்டிவனம் போய்வந்தார். ஊருக்குள் நுழையும் இடத்தில் வரிசையாக நின்ற தேவமலர் பலகைகளில் ஒன்றில்கூடத் தகரம் இல்லை, வெறும் சட்டம்தான் நிற்கிறது என்றார். அவ்வளவுதான். கம்பெனி படுத்துவிட்டது, முதலாளி ஊரைவிட்டே ஓடிவிட்டார், இல்லை, ஜெயிலில் இருக்கிறார் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுப் பத்திரங்களை சுப்பராயலுவின் பையில் திணித்தார்கள். வியாழக்கிழமை மத்தியான பாசஞ்சரில் அவர் மெட்ராஸ் போவதாக ஏற்பாடு.

"உங்களை நம்பித்தானே டீச்சர் வாங்கினேன்" என்று சவுரியம்மாள் மட்டும் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் காந்திமதியைக் குத்தியது.

வியாழக்கிழமை காலை வகுப்பைப் பெரிய பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு அவள் திண்டிவனம் பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி தாண்டியதிலிருந்து ஜன்னலோரம் கண்ணை எடுக்கவில்லை. அப்பாதுரை சொன்னது நிஜம்தான். ஊர் எல்லையில் வெறும் சட்டங்கள், அவற்றுக்குள்ளே வானம். அங்கேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள்.

ஒரு சட்டத்தின் உச்சியில் ஒருவன் உட்கார்ந்து நட்டு கழற்றிக்கொண்டிருந்தான். பெயர் வேங்கடேசனாம்.

"ஏம்பா, கம்பெனியை மூடிட்டாங்களா?"

"யாரு சொன்னது? தீபாவளிக்குப் புதுப் படம் எழுதறாங்கம்மா. அதுக்குத்தான் பழைய தகரத்தை எறக்கிக்கினு இருக்கோம். ஜல்தியா முடிக்கச் சொல்லி உயிரை வாங்கறாங்க!"

அவளுக்கு அங்கேயே நின்று சிரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் புதுப் படம் எழுதுவதால் கம்பெனி சாகவில்லை என்றுதான் அர்த்தம். நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அரங்கநாதன் ஏன் விற்கிறார்? நேராக ஆயில் மில்லுக்கு நடந்தாள்.

அரங்கநாதன் கனத்த மனிதர். அவள் விழுப்புரம் என்று சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"உக்காரும்மா. உங்க ஊர்ல என்னாதான் நடக்குது? நீங்க எல்லாரும் விக்கறீங்கன்னு கேள்விப்பட்டதும்தானே நானும் விக்கலாம்னு இருக்கேன்!"

"என்னங்க சொல்றீங்க? நீங்க விக்கறீங்கன்னு கேட்டுத்தாங்க நாங்க விக்கறோம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் விக்கறேன்னு யாரும்மா சொன்னது? விக்கலாமா, வச்சிருக்கலாமான்னு அந்த சுப்பராயலுகிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். கேட்டதுதான் தப்பா?"

அவர் மேஜைமேல் போன் இருந்தது. மெட்ராஸ் புரோக்கருக்கு, காசு அதிகமானாலும் உடனே லைன் கிடைக்கும் லைட்னிங் கால் போட்டார்கள். லைன் கிடைத்ததும் அரங்கநாதன் ரிசீவரை அவளிடமே கொடுத்தார்.

"தேவமலரா?" என்றது மறுமுனைக் குரல். "அது போன மாசம் இருந்த எடத்துலயே நிக்குதும்மா. ஏன், அங்க ஏதாவது விசேஷமா?"

"ரெண்டு ஊர்ப் பத்திரத்தையும் நாளைக்கு விக்கறதுக்கு எடுத்துக்கினு வர்றாங்க சார்."

"மொத்தமாவா? அடடா, அப்படிக் கொட்டினா நெசமாவே விழுந்துடுமே!"

காந்திமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயா, பாசஞ்சர் வர்ற நேரம். சுப்பராயலு அதுலதான் வர்றார்."

"அடக் கடவுளே, நம்ம ஆளுங்களும் பத்திரத்தோட ஸ்டேஷன்லதான் நிக்கறாங்க!"

வாசலில் மல்லாட்டை மூட்டையோடு மில் லாரி நின்றது. அரங்கநாதன் டிரைவரைத் தள்ளி உட்காரச் சொல்லி ஏறினார். காந்திமதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் ஏறினாள். லாரி ஹாரனை அடித்துக்கொண்டே கடைத்தெருவைக் கடந்தது. பின்னால் ஒரு மூட்டை அவிழ்ந்து வழியெல்லாம் மல்லாட்டை கொட்டியது. அரங்கநாதன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் பிளாட்பாரத்துக்குள் ஓடவும் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. திண்டிவனத்துக்காரர்கள் ஒரு ஜன்னலை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து சுப்பராயலு கையை நீட்டிக் கவர்களை வாங்கிக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்க!" என்று காந்திமதி கத்தினாள். இன்ஸ்டிட்யூட்டில் பத்து மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. "யாரும் விக்கலை! அரங்கநாதன் ஐயா விக்கலை, தோ நிக்கறார் பாருங்க! மெட்ராஸ்ல வெலை எறங்கவே இல்லை! நாமளே நம்மளைப் பார்த்து பயந்துக்கினு இருக்கோம்!"

அரங்கநாதன் மூச்சு வாங்கிக்கொண்டே தலையை ஆட்டினார். நீண்ட கைகள் பின்வாங்கின. கொடுத்துவிட்டவர்கள், "என்னுதைக் குடுய்யா, என்னுதைக் குடு" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள்.

சுப்பராயலுவின் முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்களே. நான் போகலைன்னா நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க?"

"நான் பதில் சொல்றேன். எறங்குங்க!"

விசில் ஊதிவிட்டது. சுப்பராயலு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து பையோடு வாசலுக்கு வந்து நின்றார். வண்டி அசைந்தது. அரங்கநாதன் எட்டிப் பையைப் பிடித்து இழுத்தார். பையை விட மனசில்லாமல் சுப்பராயலுவும் சேர்ந்து இறங்கி, அவர்மேலேயே வந்து விழுந்தார். ஒரு செருப்பு மட்டும் மெட்ராஸுக்குப் போனது.

அப்புறம் யாரோ சிரித்தார்கள். அதோடு பிளாட்பாரம் முழுக்கச் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. சுப்பராயலுவும் ஒற்றைச் செருப்பைப் பார்த்துச் சிரித்தார். "சத்தியமா டீச்சர், கேட்டதைத்தான் சொன்னேன். இங்க கேட்டதை அங்க, அங்க கேட்டதை இங்க."

சாயங்காலம் காந்திமதியும் சுப்பராயலுவும் விழுப்புரத்தில் வந்து இறங்கியபோது இன்ஸ்டிட்யூட் வாசலில் கூட்டம். அவர்களுக்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. மில்லிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். அது வாய் மாறி வாய் மாறி வேறு என்னவோ ஆகியிருந்தது.

"டீச்சர், திண்டிவனத்துப் பங்கு அத்தனையும் நீங்களே வாங்கிட்டீங்களாமே! எனக்கும் கொஞ்சம் தள்ளிவிடக் கூடாதா?" என்றார் அப்பாதுரை.

"சார், காலையில வித்தாப் போதும்னு நின்னீங்க."

"காலையில எனக்கு விஷயம் தெரியாதேம்மா."

"இப்ப மட்டும் என்ன சார் தெரியும்?"

பெரியசாமி தன் பத்திரத்தை வாங்கி மேல்துண்டில் சுற்றிக்கொண்டு, "கோலியனூர்ல போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்று சைக்கிளில் பறந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று காந்திமதிக்குக் கவலையாக இருந்தது. கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

சவுரியம்மாள் மட்டும் பத்திரத்தைத் திருப்பி வாங்கவில்லை. "எனக்கு இது ஒத்துவராது டீச்சர். ராவெல்லாம் தூக்கமில்லை. நல்லா இருந்தாலும் சரி, வித்துக் குடுத்துடுங்க."

"அது சரியான காரணம் சவுரியம்மா" என்றாள் காந்திமதி. "அடுத்த வாரம் ஒன்னுது ஒண்ணை மட்டும் அனுப்பறேன்."

தீபாவளி முடிந்து தேவமலர் கொஞ்சம் ஏறியது. மறு வருஷம் எல்லாப் பங்கும் இறங்கியபோது அதுவும் சேர்ந்து இறங்கியது, பிறகு மெல்ல எழுந்தது. காந்திமதி விற்கவில்லை. திண்டிவனத்திலிருந்து அரங்கநாதன் வாரம் ஒரு தரம் போன் செய்து, "விக்கறீங்களாம்மா?" என்று கேட்பார். "நீங்க விக்கறீங்களா?" என்பாள் அவள். இல்லை என்று இருவரும் சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு.