பதினாலாம் நம்பர் ஜாக்கெட்

வெளிநாட்டுக்கு ஆடப் போகிற கூட்டத்துக்கு விமானம் ஏறும்போதே ஒரு திமிரும் ஏறிவிடும். இங்கே நம்மை யார் கேட்கப் போகிறார்கள் என்கிற திமிர். அந்தத் திமிரைப் பார்த்துப் பார்த்து பிசியோ அக்காவுக்குச் சலித்துப் போயிருந்தது. வீங்கிய முட்டிக்கு ஐஸ் வைப்பது, விரலுக்கு டேப் சுற்றுவது, பிடித்துக்கொண்ட தோளை நீவி விடுவது அவள் வேலை. வாலிபால் அணியில் பன்னிரண்டு பேருக்கும் அவள் வாய்வார்த்தைக்கு அக்கா. கேப்டனுக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா.

அரையிறுதியில் ஜெயித்த மறுநாள் காலை, தம்பி அவள் அறைக்கு வந்து வலது கையை நீட்டினான். புறங்கை புஸ்ஸென்று வீங்கியிருந்தது. நடுவிரல் முட்டியில் தோல் கிழிந்திருந்தது.

"பிளாக் பண்ணும்போது பட்டுடுச்சுக்கா."

"பந்துக்கு எப்படா பல்லு முளைச்சுது?"

அவன் சிரித்தான். வாயைத் திறந்ததும் ராத்திரி குடித்த வாடை அடித்தது.

"ரூம் கிளீன் பண்ண ஒரு பொம்பளை வருமே, அதுதான். காரிடார்ல லேசா வாந்தி எடுத்துட்டேன். துடைக்கணும், தள்ளி நில்லுன்னு சைகை காட்டுது. நான் நகரலைன்னதும் கையைப் புடிச்சு நகர்த்துது. என்னையே! விட்டேன் ஒண்ணு."

அவன் எடுத்த வாந்தியைத் துடைக்க வந்தவள். அவளைத்தான் அடித்திருக்கிறான்.  சின்ன வயதில் அக்கா இவனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள், மூக்கைச் சிந்தி விட்டிருக்கிறாள். அந்தக் கைகள் பழக்கதோஷத்தில் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுப் போட்டுவிட்டன. வாய்தான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே போய் ஒத்துக்கொள்வான் என்று ஒரு நப்பாசை.

சாயங்காலம் போலீஸ் வந்தது. வந்தவர்கள் பெஞ்சைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பெஞ்சு என்பது அணியின் ரிசர்வ் ஆட்டக்காரனுக்கு இவர்கள் வைத்த பேர். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். எந்த ஊர் போனாலும் ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவான். காரிடார் கேமராவில் தெரிந்தது முதுகு மட்டும்தான். தலையில் தொப்பி இழுத்துவிட்டிருந்தது, முதுகில் பதினாலு. பதினாலு பெஞ்சோட நம்பர்.

அணியில் இருக்கிற எவனைக் கேட்டாலும் இது புரியும். ஆடியவன் ஜாக்கெட் எல்லாம் வேர்வையில் ஊறிக் கிடக்கும். ஆடாதவனுடையது மட்டும்தான் காய்ந்திருக்கும். மேட்ச் முடிந்ததும் குளிருக்கு அதைப் பிடுங்கி மாட்டிக்கொள்வது பெரிய ஆட்டக்காரர்களின் வழக்கம். பெஞ்சும் கேட்பதற்கு முன்பே கழற்றிக் கொடுத்துவிடுவான். அன்று ராத்திரி அதை மாட்டியிருந்தது தம்பி. அந்த ஊர் போலீசுக்கு இந்தக் கூத்தெல்லாம் எப்படித் தெரியும்?

மேனேஜர் அறையில் கூட்டம் போட்டார்கள். மேனேஜர் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "ஃபைனல்ல கேப்டன் இல்லாம முடியாது. வக்கீல் வச்சுப்போம். மிஞ்சிப் போனா ஆறு மாசம். அவன் இங்கயும் உக்காந்துதானே இருக்கான், அங்க போய் உக்காரட்டும்."

சிரித்தார்கள். பத்துப் பேரும் சிரித்தார்கள். தம்பிதான் எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தான்.

"செஞ்சது நீ. அடுத்தவன் தலையில கட்டுறியே, கூசலையாடா உனக்கு?" என்றாள் அக்கா.

"நீ சும்மா இருக்கா. அவன்கிட்ட எல்லாம் பேசியாச்சு."

அதோடு விட்டானா? டிவிக்காரர்கள் வந்ததும், "கறுப்பு டேப் இருக்காக்கா?" என்று அவளிடமே வாங்கி எல்லோர் கையிலும் சுற்றிவிட்டான். கேமரா முன்னால் நின்று கண் கலங்கினான். "எங்க சகோதரனை அநியாயமா புடிச்சு வச்சிருக்காங்க. வெளியூர்க்காரன்னா இந்த ஊர் சட்டத்துக்கு இளக்காரம். இங்க நியாயம் கிடைக்காது." சீ, எப்பேர்ப்பட்ட நடிப்பு! ஊரில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துக் கொதித்துப் போனார்கள்.

மறுநாள் காலை கோர்ட். பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லாத அறை. மர நாற்காலிகள், ஓரத்தில் தண்ணீர் கூஜா. நீதிபதி ஒரு நடுத்தர வயதுப் பெண். பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்.

நீதிபதி பெஞ்சைப் பார்த்து முதலில் கேட்டது, "சாப்டீங்களா, தூங்கினீங்களா?" அடுத்து, "வக்கீல் பேசுறது உங்களுக்குப் புரியுதா?" பெஞ்சு மிரண்டு போய்த் தலையாட்டினான்.

"அந்தம்மாவுக்குத் தாடை உடைஞ்சு கம்பி கட்டியிருக்கு, பேச முடியல. கேமராவுல ஒரு முதுகுதான் தெரியுது. அது நீங்கதானா?"

பெஞ்சு திரும்பி மேனேஜரைப் பார்த்தான். "ஆமாங்க," என்றான்.

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். பிறகு, "உங்க கையைக் காட்டுங்க," என்றார்.

காட்டினான். ஒரு கீறல் இல்லை. ஆடாத கை அது, வேறு எப்படி இருக்கும்?

"நீங்க ஒத்துக்கிட்டாலும் எனக்கு இது ஒத்து வரல. நடந்தது தெரிஞ்சவங்க இங்க யாராவது இருக்கீங்களா?"

நியாயமே கிடைக்காது என்று டிவியில் முழங்கினானே, அந்த ஊர் கோர்ட்தான் இப்படிக் கேட்டது. முழங்கியவன் அக்காவுக்கு முன்வரிசையில், கையில் கறுப்பு டேப்போடு, வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு உட்கார்ந்திருந்தான். 'உன்னை நம்பித்தாண்டி அனுப்புறேன், அவனைப் பாத்துக்கோ' என்று அம்மா சொல்லி அனுப்பியது அக்காவுக்கு ஞாபகம் வந்தது.  பெஞ்சு இன்னும் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.

அக்கா எழுந்தாள்.

"இவர் கையை விடுங்க. என் தம்பி கையைப் பாருங்க," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். தம்பி திரும்பினான். "அக்கா, பைத்தியமா உனக்கு?" ஆனால் கையை எடுக்கச் சொன்னதும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. அவள் போட்ட கட்டை அவளே அவிழ்த்துக் காட்டினாள், அவன் தன்னிடம் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். போலீஸ்காரர்கள் அவனைக் கூண்டுக்குக் கூட்டிப் போனார்கள். நீதிபதி அவனைப் பார்த்து அதே குரலில், "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

வெளியே வராந்தாவில் பெஞ்சு அவளிடம் வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தாள்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணிட்டீங்க? அடுத்த டூர்ல என்னை ஆட விடுறேன்னு மேனேஜர் சொல்லியிருந்தாரு," என்றான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவனை அறையலாமா, அணைத்துக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. அம்மா.

"பாவி! கூடப்பிறந்தவனைக் காட்டிக் கொடுத்துட்டியேடி! அந்த ஊர்க்காரங்க உன்னை மிரட்டித்தான் சொல்ல வச்சாங்கன்னு டிவியில சொல்றாங்க. அப்படித்தானே? அப்படின்னு சொல்லுடி!"

"யாரும் மிரட்டலம்மா."

"அவன் என்னத்தைத் தின்பான்? அங்க எப்படிப் படுப்பான்? புள்ளைக்குக் கையில வேற அடியாமே!"

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அவனை விடும்மா. அந்தப் பொம்பளை வாயில கம்பியோட ஆஸ்பத்திரியில கிடக்கா. கஞ்சியைக் குழாய் வச்சு உறிஞ்சுறா. அவ எப்படி இருக்கான்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள். 

"எந்தப் பொம்பளை?" என்றாள் அம்மா.