மாணிக்க நிறத்தில் ஒரு மிடறு

என் கணவர் யசிந்தன் வேலை முடிந்து வந்தால், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். வாசலில் நின்று என் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். நான் மணந்து பார்த்துத் தலையாட்டினால்தான் உள்ளே வரலாம். பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியா அம்மாவுக்கு முன்னால், மகளின் தலையில் கை வைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர். நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் இத்தாலியில், பலெர்மோவில் இருந்துகொண்டு, இந்த ஊரைக் காக்கிற அந்த அம்மாவிடம் போகாமல் இருக்க முடியுமா? சத்தியம் முறிந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு பகேரியாவில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். வெருட்டுவதற்காகச் சொன்னதல்ல.

அப்படிப்பட்ட மனுசனுக்கு வேலை கிடைத்தது எங்கே? ஒரேத்தோத் தெருவில் ஒரு பியர்க் கடையில். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். பெட்டி தூக்குவது, கிளாஸ் கழுவுவது. வேறு வேலை அகப்படவில்லை. இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, பெர்மெசோ, புதுப்பிக்க நிரந்தர வேலை வேண்டும். கடைக்காரி சிஞ்ஞோரா அகதா நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். இவர் முன்பு குடித்துத் திரிந்ததை நாங்கள் வாய் திறக்கவில்லை. பியர்க் கடைக்குக் குடிகாரனை யார் நிரந்தரமாக்குவார்கள்?

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் இங்கிலாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வந்திருந்தான். ரசாயன உரம் போடாமல் விளைவித்த பார்லியில், அவர்கள் நாட்டுப் பழைய முறைப்படி காய்ச்சிய, 'ரூபி ஏல்' என்கிற சிவப்புப் பியராம். வாங்கலாமா என்று பார்க்க உணவகம் நடத்துகிறவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு சிஞ்ஞோராவின் நாக்குத்தான் அளவுகோல். முதலில் அவர் குடித்து ருசி சொல்ல வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். அன்றைக்கென்று பார்த்து சிஞ்ஞோராவுக்குத் தடிமன். மணமும் இல்லை, ருசியும் இல்லை. பியரோடு கடிக்க என்னிடம் கடலை வடை கேட்டிருந்தார். நான் தட்டோடு உள்ளே போனபோது, சிஞ்ஞோரா ஒரு கிளாசை நிரப்பி இவர் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் போத்தல்களோடு நாள் முழுக்க நிற்கிறவன் நீதான், நீயே குடித்துச் சொல் என்றார்.

இவர் கிளாசை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மாதுளம்பழச் சாறு மாதிரிச் சிவப்பு, மேலே மெல்லிய நுரை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. அந்த அசைவு எனக்குத் தெரியும்.

வாயில் வைத்துவிட்டுத் துப்பலாமா என்று இவர் கேட்டார். வெள்ளைக்காரன் கூடாது என்று தலையாட்டினான். வைனைத் துப்பலாம், இதைத் துப்பினால் பிரயோசனமில்லை, இதன் கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் தெரியும் என்றான். முன்னுக்குப் போனால் முட்டும், பின்னுக்கு வந்தால் உதைக்கும். குடித்தால் சத்தியம் போகும். மறுத்தால் ஏன் என்ற கேள்வி வரும், கேள்விக்குப் பதில் சொன்னால் வேலை போகும். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. கிளாஸ் உதட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான் தட்டை மேசையில் வைத்தேன், சத்தம் கேட்கிற மாதிரியே வைத்தேன். இவருக்கு சாந்தா ரொசாலியாவிடம் ஒரு நேர்த்தி இருக்கிறது, குடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். சிஞ்ஞோரா கண்ணைச் சுருக்கினார். என்ன நேர்த்தி, எதற்காக என்று கேட்டார். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். வெளியே சொன்னால் நேர்த்தி பலிக்காது என்றேன். பலெர்மோக்காரி ஒருத்தி அதற்கு மேல் என்ன கேட்க முடியும்? சிலுவை போட்டுக்கொண்டார். அப்படியென்றால் இதை யார் குடிப்பது என்றார்.

"நான்" என்றேன்.

என் வாழ்க்கையில் மதுவை நான் தொட்டதில்லை. அதன் மணத்தை இவருடைய வாயில் மட்டுமே அறிந்திருந்தேன். பிறத்தியார் கிளாஸ், எச்சில் படக்கூடாது என்று பழக்கதோசத்தில் அண்ணாந்து ஊற்றிவிட்டேன். பியரை அப்படிக் குடிக்கிற ஆளை அவர்கள் எங்கே கண்டார்கள்! நுரை மூக்கில் ஏறி, புரைக்கேறி, சட்டையெல்லாம் நனைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"வாய் வைச்சுக் குடியும்," என்றார் தமிழில். "கொஞ்சம் கொஞ்சமா." அவருடைய குரல் வறண்டு கிடந்தது.

வாய் வைத்துக் குடித்தேன். குமட்டும் என்றுதான் நினைத்தேன். முதலில் நன்றாக வெந்த பாணின் கரை. அடுத்து, சட்டியில் கொஞ்சம் கருகிப்போன பனங்கட்டியின் இனிப்பு. அதற்குள் பொங்கலில் ஊறிப் பருத்த முந்திரிகை வத்தல். விழுங்கியபோது அடித்தொண்டையில் வெந்தயத்தைக் கடித்த கசப்பு நின்றது. நின்ற கசப்பு மறுபடி அந்த இனிப்பைக் கேட்டது. நெஞ்சு மெல்லச் சூடானது.

நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, இவர் இத்தாலியனில் சொன்னார். பனங்கட்டி என்ற இடத்தில் நான் சொன்னதைவிட அதிகம் பேசினார். வெந்தயம் என்றபோது கிளாசைப் பார்ப்பதை விட்டு நிலத்தைப் பார்த்தார். உணவகக்காரர்கள் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். சிஞ்ஞோரா மூக்கைச் சீறிக்கொண்டு, திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவோம் என்று இவருடைய முதுகில் தட்டினார்.

மிச்ச வடையைச் சூடாக்கக் குசினிக்குப் போய்த் திரும்பினேன். எல்லாரும் தெருவாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கழுவுகிற தொட்டியடியில் இவர் தனியே நின்றார். நான் பாதி குடித்து வைத்த கிளாஸ் வெறுமையாக இருந்தது.

"இதுக்குள்ளை இருந்தது எங்கை?"

"ஊத்திப்போட்டன்."

தொட்டி ஈரம். அது எப்போதும் ஈரம்தான்.

எங்கள் வீடு இருக்கிற பிரான்காச்சோவுக்குப் பஸ் ஏறினோம். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், எப்படி இருந்தது என்று மெல்லக் கேட்டார். நாற்றம், கைப்பு என்று சொல்ல நினைத்திருந்தேன். வாய் வரவில்லை.

"நல்லா இருந்தது."

"ஓம்," என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு காலமும், புத்தியுள்ள எவரும் விடக்கூடிய ஒரு அசிங்கத்தைத்தான் இவர் விட்டார் என்று நினைத்திருந்தேன். இரண்டு மிடறு குடித்த நானே மூன்றாவதுக்குக் கிளாசைப் பார்த்தேன். அவ்வளவு நல்லதை, ஆளில்லாத இடத்தில், இவர் எப்படி ஊற்றியிருப்பார்? வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. பயம்தான் கூட.

வாசலுக்கு வந்தோம். உள்ளே மகள் தொலைக்காட்சி பார்க்கிற சத்தம் கேட்டது. நான் படியேறித் திரும்பினேன். இவர் வழக்கம்போலச் சப்பாத்தோடு நின்று, குனிந்து, என் முகத்தில் ஊதினார்.

பாண், கருகிய பனங்கட்டி, வெந்தயம். என் வாயிலும் அதுதான், சட்டையிலும் அதுதான், நுரை ஏறிய மூக்குக்குள்ளும் அதுதான். நான் கேட்காமலே இன்னொருமுறை ஊதினார். அதே மணம்.

"இண்டைக்கு உமக்குத் தெரியாது," என்றார்.

"தெரியாது," என்றேன்.

அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. சப்பாத்துக் கயிற்றிலும் கை வைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாசலை விட்டு விலகினேன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை வாங்கோ," என்றேன். "தேத்தண்ணி போடுறன்."