பாஸ்டர் இறங்கின இடம்

போதகர் தரைக்குள் இறங்க ஆரம்பித்தது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஜனங்கள் ஜெபத்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது. முதல் தடவை ஷூவின் அடிப்பாகம் அளவுக்குத்தான் இறங்கினார். மொசைக் தரை விரிசல் விடவில்லை, சத்தமும் போடவில்லை. பிசைந்த மாவு விரலுக்கு இடம் கொடுப்பதுபோல அவர் காலுக்கு இடம் கொடுத்தது, அவ்வளவுதான். அவர் காலை உருவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். பிரசங்க பீடத்துக்கு முன்னால் இரண்டு கால் தடங்கள் மட்டும் மிச்சமிருந்தன. கோயிலைப் பெருக்கித் துடைக்கிற அம்மா, துடைத்த தண்ணீர் அந்தக் குழிகளில் தேங்கி நிற்கிறது, கொசு வரும் என்று குறைபட்டுக்கொண்டார். வேறு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக முன்னால் வந்து, மனதை அரிக்கிற விஷயத்தைப் போதகரின் காதில் சொல்ல வேண்டும். அவர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "நான் பாத்துக்கிறேன், நீங்க நிம்மதியா போங்க" என்பார். நிஜமாகவே நிம்மதியாகப் போவார்கள். கணவனின் குடியையும் மகளின் விவாகரத்தையும் மூச்சுத் திணறச் சொன்னவர்கள், வாசலைத் தாண்டுவதற்குள் மத்தியானச் சமையலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்கள். நோயாளிகளைப் பார்க்கவும் வீடுகளுக்குப் போய் ஜெபிக்கவும் மூப்பர்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள், இல்லாமல் இல்லை. ஆனால் மூப்பர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றால், கட்டிலில் கிடப்பவர் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பாஸ்டர் வரலையா?" என்று கேட்பார். இப்படிக் கேட்டுக் கேட்டு மூப்பர்கள் வெட்கப்பட்டு, மின்விசிறி ரிப்பேர், பூ அலங்காரம், நாற்காலி வரிசை ஆகியவற்றில் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். போதகருக்கும் அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது உருக்கமாகப் பிரசங்கம் செய்வார். பிரசங்கம் முடிந்ததும் அதே இடத்தில் தனியாக நின்று மொத்த வரிசையையும் தானே வாங்கிக்கொள்வார்.

அடுத்த வருஷம் கணுக்கால் வரை இறங்கினார். அதற்கடுத்த வருஷம் முழங்கால். காரணத்தை முதலில் கண்டுபிடித்தவர் அவர் மனைவி. சபையார் பாஸ்டரம்மா என்று கூப்பிடுகிற அவர், துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். போதகரின் பேண்ட் விளிம்பு எந்த உயரத்தில் உரசிக் கிழிந்திருக்கிறது என்று பார்த்தே, அன்றைக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சங்கதிகளைக் கொண்டுவந்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பரீட்சை, வேலை, வீட்டு வாடகை எல்லாம் விரற்கடை அளவு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வந்துபோன ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒரு ஜாண். "என்னங்க, அவங்க சொல்றதுதான் உங்கள இறக்குது. கொஞ்சத்த மூப்பருங்ககிட்ட குடுங்களேன்" என்றார். போதகர் ஈரத்துணியால் முழங்காலைத் துடைத்துக்கொண்டே, "என்ன நம்பி வர்றாங்க. இது ஆண்டவர் எனக்குக் குடுத்த அழைப்பு" என்றார். அந்த வார்த்தைக்கு மேல் அந்த வீட்டில் பேச்சு நகராது. பாஸ்டரம்மா ஊசியில் நூல் கோர்த்து விளிம்பை மடித்துத் தைத்தார்.

சபை இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது, அதுதான் பெரிய கேடாய்ப் போயிற்று. பாஸ்டர் தாழ்மையில் வளர்கிறார் என்றார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு மனிதன் புதைந்துகொண்டிருக்கிறான், இவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரிய மூப்பர் கமிட்டியைக் கூட்டினார். போதகரின் முகம் பின்வரிசைக்குத் தெரியாதது ஒன்றுதான் கமிட்டியின் கவலையாக இருந்தது. தச்சரை வரவழைத்துப் பீடத்தின் கால்களை அறுத்தார்கள். அவர் இறங்க இறங்க அதையும் அறுத்துக்கொண்டே வந்தார்கள். மைக்குக்குக் குட்டையான தாங்கி வாங்கினார்கள். புதிதாக விரித்த சிவப்புக் கம்பளத்தில் அவர் நிற்பதற்கென்று வட்டமாக ஓட்டை வெட்டி, ஓரத்துக்குத் தங்க நிற நூலில் தையல் போட்டார்கள். செய்தி பரவி வேறு ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்தார்கள். இவ்வளவு இறங்கின மனிதரின் ஜெபம் எவ்வளவு ஏறும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் நின்றது. வேறு சபைகளின் போதகர்கள் தலைமைத்துவம் கற்றுக்கொள்ள வந்து, அவரைப் புகைப்படம் எடுத்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் தன்னுடைய கோயிலில் கொத்தனாரை வைத்து இடுப்பளவு குழி தோண்டி அதில் இறங்கி நின்று பார்த்தார் என்றும், முதுகுப் பிடிப்பைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்றும் கேள்வி.

இடுப்பைத் தாண்டிய வாரம் அவரை வெளியே இழுக்க முடியவில்லை. அக்குளில் துண்டைக் கொடுத்து இழுத்தார்கள், கயிறு கட்டி இழுத்தார்கள், பாரம் ஏற்றுகிற ஆட்கள் நாலு பேர் வந்து இழுத்து, கடைசியில் அவர்களும் காதில் ஆளுக்கொரு கவலையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கொத்தனார் வெளிச்சுவர் ஓரமாகத் தோண்டி, தளத்துக்கு அடியில் போய்ப் பார்த்தார். அங்கே மண் இருந்தது, கல் இருந்தது, பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. போதகரின் கால்கள் இல்லை. கால்கள் எங்கே இருக்கின்றன என்று அவரையே கேட்டதற்கு, தெரியவில்லை, குளிர்கிறது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பாஸ்டரம்மா காலையிலும் வேலை முடிந்தும் கோயிலுக்கு வந்து, சுற்றிலும் துணி மறைப்பு கட்டி உடம்பைத் துடைத்துவிட்டு, முகம் மழித்துவிட்டு, சாப்பாடு ஊட்டிவிட்டுப் போனார். வீட்டில் இரட்டைக் கட்டிலின் ஒரு பக்கம் விரிப்பு கசங்காமலே கிடந்தது. தன் கணவன் இன்னும் கொஞ்ச நாளில் மொத்தமாக உள்ளே போய்விடுவான், சபை கம்பளத்தை இழுத்து ஓட்டையை மூடிவிட்டு வேறொருவரைத் தேடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாரிடம் போய் அழுவது? ஊரெல்லாம் அழப் போகிற இடமே அவர் கணவனின் காதுதான்.

நெஞ்சு வரை இறங்கியிருந்த காலத்தில், ஒருநாள் குளிக்கும்போது பாஸ்டரம்மாவின் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இடது மார்பில், புளியங்கொட்டை அளவுக்கு. டாக்டர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, தள்ளிப்போட வேண்டாம், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அவர் வர முடியாத நிலையில் இருக்கிறார் என்றார் இவர். நேராகக் கோயிலுக்குப் போனார். அன்று போதகர் கழுத்து வரைக்கும் போயிருந்தார். கம்பளத்தில் வைத்த தலைபோல அந்த முகம் மட்டும் தெரிந்தது. பாஸ்டரம்மா பக்கத்தில் குப்புறப் படுத்து அந்த முகத்தைப் பார்த்தார். இந்த ஒன்றைச் சொன்னால் எவ்வளவு இறங்குவார் என்று அவருக்குத் தெரியாதா? வாய் போய்விடும், மூக்கும் போய்விடும். "என்ன?" என்றார் போதகர். "ஒண்ணுமில்ல, தலை கலைஞ்சிருக்கு" என்று சொல்லிச் சீவிவிட்டு, எழுந்து வீட்டுக்கு நடந்தார். நெடுநாள் அதை அப்படியே வைத்திருந்தார். சொந்தப் பாரம் யாரையும் தரைக்குள் இறக்குவதில்லை. அது உள்ளேயே இருந்து தின்னும்.

பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாடை கம்பளத்தைத் தொட்டுவிட்டது. அன்று போதகர் பிரசங்கத்தை மேல்நோக்கி அண்ணாந்து செய்தார். முடிந்ததும் வழக்கம்போல வரிசை நின்றது. முன்னால் நின்றவர் ஒரு பஸ் டிரைவர். அவருடைய மகன் சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போனவன், உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. ஞாயிறு தவறாமல் வந்து அதையே சொல்லிவிட்டுப் போவார். அவர் படுத்து வாயைக் காதருகே கொண்டுபோன சமயம், பாஸ்டரம்மா குறுக்கே வந்து நின்றார்.

"போதும். இன்னிக்கு இவர்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

பெரிய மூப்பர் எழுந்து, ஆராதனை ஒழுங்கில் இதற்கு இடமில்லை, கமிட்டியில் வைத்துப் பேசலாம் என்றார். பாஸ்டரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. டிரைவர் தரையில் உட்கார்ந்தபடி, "அம்மா, வாரம் பூரா இத வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறேன். நான் எங்க போய் இறக்கி வைப்பேன்?" என்றார்.

"என்கிட்ட சொல்லுங்க."

"உங்ககிட்டயா?" டிரைவர் அவமரியாதையாகக் கேட்கவில்லை. அப்படி ஒரு வழி உண்டென்றே அவருக்குத் தெரியாது. சபை மொத்தமும் அப்படித்தான் விழித்தது. பிறகு டிரைவர் மகனைப் பற்றிச் சொன்னார். பாஸ்டரம்மாவுக்கு அலங்காரமாக ஜெபிக்கத் தெரியாது. டிரைவர் தலையில் கையை வைத்து, "ஆண்டவரே, இவர் பையன் எங்க இருந்தாலும் பாத்துக்கோங்க. இவரையும் பாத்துக்கோங்க" என்றார். சொல்லி முடித்தபோது பாஸ்டரம்மாவின் குதிகால்கள் ஒரு விரற்கடை தரைக்குள் போயிருந்தன. அவருக்குப் பின்னால் போதகரின் தாடை கம்பளத்திலிருந்து மேலே வந்து, கழுத்துப் பட்டை வெளியே தெரிந்தது.

போதகர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் கோபப்பட்டார். "அது எனக்குக் குடுத்தது" என்றார். கையைத் தரைக்கு வெளியே எடுக்க முடியாத மனிதன், முகம் சிவந்து, பிடுங்கப்பட்ட பொம்மைக்கு அழுகிற குழந்தை மாதிரி அழுதார். "அவரு என்னத் தேடித்தான் வந்தாரு." பாஸ்டரம்மா டிரைவரையே பார்த்து, "இப்ப நான் ஒண்ணு சொல்லணும், கேட்டுக்குவீங்களா?" என்றார். இவ்வளவு நாள் வைத்திருந்ததைச் சொன்னார். கட்டி, டாக்டர், தள்ளிப்போட்டது எல்லாம். அந்த டிரைவர் ஆயுளில் யாருக்காகவும் ஜெபித்ததில்லை. அவர் பாஸ்டரம்மாவின் தலைமேல் கையை வைத்து, ஒன்றும் பேசாமல், முழங்கால் வரைக்கும் இறங்கி நின்றார்.

கீழேயிருந்து போதகரின் குரல் வந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட எங்க இடம் இருந்துச்சு?" என்றார் மனைவி.

இத்தனை வருஷமும் வரிசையில் நின்ற அத்தனை பேரின் பாரமும் ஒன்றாகச் சேர்ந்தும் அந்த ஒரு கேள்வி அளவுக்குக் கனக்கவில்லை என்று போதகர் பின்னால் சொன்னார். அன்று அவர் "அத எனக்குக் குடு. அது என்னோடது" என்றார். அதை வாங்குவதற்கு அவர் மற்றவற்றைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்கக் கோயில் கதவு சாத்தப்படவில்லை. சொன்னவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் சம்மதத்தோடு, ஒவ்வொன்றாகக் கைமாற்றிவிட்டார். மகளின் விவாகரத்து, பூக்கட்டுகிற மூப்பரிடம் போயிற்று. குடிகாரக் கணவனைக் கோயில் துடைக்கிற அம்மா வாங்கிக்கொண்டார், அவருக்கு அந்த விஷயத்தில் அனுபவம் இருந்தது. பெரிய மூப்பர் தனக்குக் கமிட்டி வேலையே போதும் என்று இரண்டு நாள் ஒதுங்கிப் பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் போய் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தார். பெரிய மூப்பர் நாற்காலியோடு இறங்கினார். சனிக்கிழமை போதகர் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் வரவில்லை, அவரும் வரப் பார்க்கவில்லை. அங்கே அவர் வைத்திருந்தது ஒன்றே ஒன்று.

முழங்கால் அளவென்றால் இழுத்து நடக்கலாம். மனைவியோடு எல்லா ஆஸ்பத்திரிக்கும் நடந்தார், அந்த வராந்தாக்களில் இன்றைக்கும் நீளமான இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. அறுவை சிகிச்சை நடந்தது. முடி போயிற்று, திரும்பி வந்தது. நோயும் போயிற்று, அதுவும் திரும்பி வந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் ஒரே ஒரு தடவை சொன்னார். பாஸ்டரம்மா ஒரு புதன்கிழமை காலையில், போதகர் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது இறந்தார். கட்டிலின் மறுபக்கம் அப்போது கசங்கியிருந்தது. டிரைவரின் மகன் வரவில்லை, அவனைப் பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லை.

அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் தன் பழைய இடத்தில், கம்பளத்து ஓட்டைக்குள் நின்றார். பிரசங்கம் வரவில்லை. "என்னால முடியல. யாராவது எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். அந்தச் சபையில் ஒரு போதகர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததில்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் டிரைவர் எழுந்து, காலை இழுத்து இழுத்து வந்து, அவர் தலையில் கையை வைத்தார். "நாங்க பாத்துக்கிறோம் பாஸ்டர்" என்றார். போதகர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பின்னால் வரிசை உருவானது, ஆனால் இந்தத் தடவை வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று சபை முழுவதும் கணுக்கால் வரை இறங்கியது. போதகரும் அதே அளவில்தான் நின்றார்.

இப்போது அந்தக் கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் வாசலிலேயே, "கொஞ்சம் இறங்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். தரையைத் துடைக்கிற அம்மா இத்தனை குழியில் எப்படித் துடைப்பது என்று வாராவாரம் கேட்கிறார். பீடத்தின் அறுத்த கால்களைத் தச்சர் பட்டறையில் பத்திரமாக வைத்திருந்தார். திரும்பவும் பொருத்தி உயர்த்தித் தரட்டுமா என்று கமிட்டியில் வந்து கேட்டார். வேண்டாம், எல்லாருக்கும் முகம் தெரிகிறது என்று பெரிய மூப்பர் சொல்லிவிட்டார்.