முதல் தடவை வருகிறவர்களுக்கு

வியாழக்கிழமை என்றால் ஹெலனின் குரலில் அவசரம் இருக்காது. மற்ற நாட்களில் அவள் அடுப்படியில் நின்றுகொண்டோ, லூச்சியா அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு ஈரக் கையோடோ இரண்டு வார்த்தை பேசுவாள். "சரிங்க, கூப்புடறாங்க, வச்சிடறேன்" என்று முடித்துவிடுவாள். வியாழன் மட்டும் மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை அவளுக்கு விடுப்பு. அங்கே இத்தாலியில் இரண்டரை என்றால் இங்கே ஆறு. எட்வர்ட் காலை ஷிப்டை முடித்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூருக்கு வந்து, குளித்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். எதிரே நூறடியில் கல்கத்தா நெடுஞ்சாலை. சோதனைச் சாவடிக்கு வரிசை கட்டி நிற்கும் லாரிகளின் இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது. உள்ளே போகலாம் என்று எழுந்தால் அவள் விடமாட்டாள்.

"அங்கயே ஒக்காருங்க. அந்த ஆரன் சத்தம் கேட்டாத்தான் ஊட்டுக்குப் பேசுற மாதிரி கீது."

எட்வர்டுக்கு நாற்பத்து மூன்று வயது. தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பதினெட்டு வருஷமாக வேலை. ஹெலன் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளராக இருந்தாள். அந்த ஆஸ்பத்திரியை மூடியபோது, அங்கிருந்த கன்னியாஸ்திரீ ஒருவர்தான் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் ஒரு வீட்டைக் காட்டினார். தனியாக இருக்கும் லூச்சியா என்ற வயதான அம்மாளைக் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். பாதியில் நின்ற வீட்டைக் கட்டி முடிக்கும் வரை, இரண்டு வருஷம், என்று பேசித்தான் எட்வர்ட் அவளை அனுப்பி வைத்தான். வீடு முடிந்தது. ஹெலன் அதில் இருந்தது விடுமுறைக்கு வந்த ஒரே ஒரு மாதம். இப்போது மூன்றரை வருஷம் ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அங்கே சொந்தமாக ஒரு வீடு எடுத்திருந்தால்தான் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள முடியும். அவளுக்கு இருந்ததோ வேலை செய்யும் வீட்டில் ஒரு அறை.

இந்த ஜனவரியில் லூச்சியா அம்மாவின் மகன் மார்க்கோ தானாகவே ஒரு பேச்சை எடுத்தார். உன் கணவன் சுற்றிப் பார்க்க வருவதுபோல் பன்னிரண்டு நாள் வந்து போகட்டும், மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது, அழைப்புக் கடிதம் நான் தருகிறேன் என்றார். ஜூன் மாதம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து வியாழக்கிழமைப் பேச்செல்லாம் அந்த ஊரைப் பற்றித்தான்.

"மொத தடவ வர்றவங்க எல்லாம் ஒரே மாதிரி ஏமார்றாங்க. நீங்க அப்டி ஏமாறக் கூடாது. எழுதிக்கோங்க."

எட்வர்ட் ஆலையில் கொடுத்த போன வருஷத்து டைரியை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொள்வான்.

"ரயில்வே ஸ்டேஷன்ல எறங்குனதும் பெட்டிய தூக்கறேன், டிக்கெட் எடுத்துத் தரேன்னு எவனாச்சும் வருவான். சிரிச்சிக்கினே வேணாம்னு சொல்லிடுங்க. பர்ஸ் முன் பாக்கெட்ல இருக்கட்டும். பஸ்ல ஏறுன ஒடனே டிக்கெட்ட அங்க இருக்கிற மிஷின்ல காட்டணும். கையில டிக்கெட் வச்சிக்கினே அத செய்யாம உட்டு மாட்டிக்கினவங்க எவ்ளோ பேரு தெரியுமா?"

"சரி."

"புது ஷூ வாங்காதீங்க. தெருவெல்லாம் கருங்கல்லு பாவியிருக்கு, புது ஷூ காலக் கடிச்சிடும். பழகுன செருப்பு போதும். ஆனா கோயிலுக்குள்ள போறதுக்கு முழுப் பேண்ட்டு, தோள மறைக்கிற சட்ட. டிராயர் போட்டுக்கினு போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"நான் எந்தக் காலத்துல டிராயர் போட்டேன்?"

"வெள்ளக்காரனப் பாத்துட்டு உங்களுக்கும் ஆச வந்துட்டா? அப்பறம், காப்பிய நின்னுக்கினே குடிக்கணும். ஒக்காந்தா அதுக்குத் தனி வெல. பால் ஊத்துன காப்பி காலைல மட்டுந்தான். மத்தியானத்துக்கு மேல கேட்டீங்கன்னா ஒரு மாதிரி பாப்பாங்க."

"சாயங்காலம் பால் காப்பி கெடையாதா? இன்னா ஊரு அது?"

அவள் சிரிப்பது கேட்கும். தெருக் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், ஒரு பாட்டில் போதும். மதியம் சின்னக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். பெரிய சதுக்கத்தை ஒட்டிய ஓட்டல்களில் உட்காரக் கூடாது, நாலு தெரு உள்ளே போனால் நல்ல சாப்பாடு. இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு பக்கம் நிறைந்தது. எட்வர்ட் அதை இரண்டாவது தடவை படிக்கும்போது, அந்தத் தெருவில் தான் நடப்பதாகவும், பக்கத்தில் அவள் தன் வேகத்தில் முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பதாகவும் நினைத்துக்கொள்வான். அவள் எப்போதும் அப்படித்தான் நடப்பாள்.

ஏப்ரலில் ஒரு வியாழன், பெரிய தேவாலயத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அதன் உச்சியில் இருக்கும் செங்கல் குவிமாடத்துக்கு ஏறிப் போகலாம். நாளும் நேரமும் குறித்து முன்பே டிக்கெட் எடுக்க வேண்டும். பெரிய பையை அனுமதிக்க மாட்டார்கள். நானூற்று அறுபத்து மூன்று படி, லிப்ட் கிடையாது, சில இடத்தில் ஓர் ஆள்தான் போக முடியும்.

"நீ ஏறினப்ப மூச்சு வாங்குச்சா?" என்று கேட்டான் எட்வர்ட்.

"நான் எங்கங்க ஏறினேன்?"

"ஏறலயா? உள்ளயாச்சும் போயிருக்கியா?"

"கன்யாஸ்திரீ மடத்துக்குப் பக்கத்துல சின்னக் கோயிலு. அங்கதான் பூசைக்குப் போவேன். இந்தப் பெரிய கோயிலச் சுத்தி நடப்பேன். கூட்டத்துக்கு வழி காட்டுறவங்க வெளிய நின்னு எல்லாத்தையும் சொல்லுவாங்க. பக்கத்துல நின்னு கேட்டுக்குவேன். மீதி, பெரு நாட்டுக்காரி ஒருத்தி என்ன மாதிரியே வேல செய்றா, அவ சொன்னது. நீங்க வந்தா சேந்து பாக்கலாம்னு எல்லாத்தையும் அப்டியே வச்சிக்கினு கீறேன்."

"மூணற வருசமாவா?"

"ஆமா. தனியாப் பாத்து இன்னா பண்றது?"

அன்று டைரியில் அவன் எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் கடைசியில் சென்னைக்குப் போய் விசாவுக்கு விண்ணப்பித்தான். ஆலையின் விடுப்புக் கடிதம், மார்க்கோவின் அழைப்புக் கடிதம், வீட்டுப் பத்திரம், கல்யாணப் பதிவு என்று ஒரு கட்டு காகிதம். ஆலையில் கிரேன் ஓட்டும் வெங்கடேசன் தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சக்கரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். "வரும்போது அதுல எனக்கு ஒரு சட்ட வாங்கிப் போட்டுக்கினு வா நைனா" என்றான். கேன்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் எட்வர்ட் இத்தாலி போகும் விஷயம் தெரிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள். குறித்த காலத்துக்குள் விண்ணப்பதாரர் தன் நாட்டுக்குத் திரும்புவார் என்பது உறுதிப்படவில்லை என்ற இடத்தில் பேனாவால் ஒரு குறி போட்டிருந்தது.

வெங்கடேசன் அந்தத் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கொதித்துப் போனான்.

"பதினெட்டு வருசமா ஒரே கேட்ல கார்ட தேச்சிக்கினு உள்ள போற, வெளிய வர்ற. லீவே போடாத ஆளு. உன்னப் போயி திரும்பி வரமாட்டன்னு சொல்றானே! பேஜாரு புடிச்சவனுங்க."

எட்வர்ட் சிரித்து வைத்தான். ஆனால் வேலைக்குத் திரும்பி நடக்கும்போது அவன் முகம் சூடாகிவிட்டது. பெட்டியில் என்னென்ன வைப்பது என்று யோசித்த நாட்களில், பன்னிரண்டாம் நாளைப் பற்றி அவன் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. விமானத்தில் ஏறிப் போவான், அவளைப் பார்ப்பான். அதற்கு மேல் அவன் மனசு போனதே இல்லை. எங்கோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒரு ஆள் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

ஹெலனிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "மறுபடி போட்டுக்கலாங்க" என்றாள். அதற்கு அடுத்த வியாழன் பத்து நிமிஷம்தான் பேசினாள். அதற்கு அடுத்தது தலைவலி என்றாள். பேச்சுவாக்கில் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஜூன் மூன்றாம் வியாழன், மூன்று மணிக்கு, மாடம் ஏற இரண்டு பேருக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். இனி அதை மாற்றவும் முடியாது.

"அப்ப நீ போ."

"நீங்க இல்லாம நான் ஏறமாட்டேன்."

"எதுக்கு ஹெலனு இந்தப் புடிவாதம்? நான் வரேன் வரேன்னு சொல்லி உன்ன வெளியவே நிக்க வச்சிட்டேனா? ஊர்ல கீறவன் எல்லாம் உலகத்தோட அந்தக் கோடியிலேந்து வந்து பாக்கறான். நீ நாலு தெரு தள்ளி இருந்துக்கினு செவுத்தப் பாத்துட்டுப் போற."

"எனக்குத் தெரியும் எப்ப பாக்கணும்னு" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். இரண்டு நாள் இருவரும் பேசவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில், பக்கத்தில் இருந்தபோது அவர்கள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் தட்டை நகர்த்தி வைத்தால் சண்டை முடிந்துவிடும். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நகர்த்தி வைக்க ஒரு தட்டு இல்லை.

டிக்கெட் எடுத்திருந்த அந்த வியாழனுக்கு முந்தின சாயங்காலம் எட்வர்ட் டைரியை எடுத்தான். அவளுக்கு அனுப்ப போனில் தன் குரலைப் பதிவு செய்தான்.

"ஹெலனு, நாளைக்கு நீ அங்க மொத தடவ போற. மொத தடவ போறவங்க எல்லாம் ஏமார்றாங்க. நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கோ. பெரிய பை எடுத்துக்கினு போவாத, உள்ள உடமாட்டாங்க. தோள மறைக்கிற சட்ட. பழகுன செருப்பு. கால் மணி நேரம் முன்னாடி போயி வரிசைல நில்லு. தண்ணி பாட்டில் சின்னது ஒண்ணு. படி ஏறும்போது எண்ணாத, எண்ணினா கால் வலிக்கும்." கடைசி வரி அவன் சொந்தமாகச் சேர்த்தது. கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னான். "மேல போயி என்ன நெனச்சி அழுதுக்கினு நிக்காத. பாக்க வேண்டியதப் பாரு. அப்பறம் எனக்கு சொல்லு."

அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

வியாழனன்று ஆறரை மணி ஆயிற்று. ஏழு ஆயிற்று. ஆந்திராவிலிருந்து வந்த லாரிகள் சாவடியைத் தாண்டி நகர ஆரம்பித்திருந்தன. ஏழே காலுக்குப் போன் அடித்தது. எடுத்ததும் காற்றின் சத்தமும், பல பாஷைப் பேச்சும், நடுவில் அவள் மூச்சு வாங்குவதும் கேட்டன.

"ஏறிட்டேங்க."

"இன்னா தெரியுது?"

"எல்லாம் செவப்பு ஓடு. ஊரே ஓடு போட்டுக்கினு படுத்திருக்கிற மாதிரி. தூரத்துல மல. நடுவுல ஆறு போவுது. நம்ம ஆரணியாறு மாதிரி இல்ல, தண்ணி கீது. உள்ள ஏறி வரச்சே, மாடத்துக்கு அடிப்பக்கம் பூரா படம் வரைஞ்சிருக்காங்க. கீழ நின்னாப் பொம்ம மாதிரி இருக்குமாம். கிட்டப் போனா ஒவ்வொரு ஆளும் நம்ம ஊட்டு ஒசரம்."

"லூச்சியா அம்மா ஊடு தெரியுதா?"

"தேடிக்கினுதான் கீறேன். கண்டுபுடிக்க முடியல. மூணற வருசம் இருந்த ஊடு, இங்கேந்து எதுன்னே தெரியல." அவள் சிரித்தாள். "பக்கத்துல ஒரு பொம்பள போட்டோ எடுத்துத் தரச் சொன்னா. எடுத்துக் குடுத்தேன். மொத தடவயா வந்திருக்கன்னு கேட்டா. ஆமான்னேன். எந்த ஊருன்னா. எளாவூருன்னு சொல்லிட்டேன். அவளுக்கு இன்னா புரிஞ்சிருக்கும், பாவம்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏங்க, நெசமா சொல்லுங்க. விசா குடுத்திருந்தா, பன்னண்டு நாள் முடிஞ்சி திரும்பிப் போயிருப்பீங்களா?"

எட்வர்ட் நெடுஞ்சாலையைப் பார்த்தான். "தெரியல ஹெலனு. மாட்டேன்னுதான் நெனைக்கறேன்."

"எனக்கும் அந்த பயம் இருந்துச்சி. ஆனாலும் வரச் சொன்னேன்."

யாரோ இத்தாலிய மொழியில் சத்தம் போடுவது கேட்டது. இறங்கச் சொல்கிறார்கள், குறுகிய படியில் பேச முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவன் இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். வருத்தமா, நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஹெலன் ஒவ்வொரு வியாழனும் ஓரிடத்துக்குப் போக ஆரம்பித்தாள். முன்பெல்லாம் எதைச் செய்யக்கூடாது என்று சொன்னவள், இப்போது பார்த்ததைச் சொன்னாள். எட்வர்ட் அதையெல்லாம் மறுநாள் கேன்டீனில் வெங்கடேசனுக்குச் சொன்னான்.

ஆகஸ்டில் லூச்சியா அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எண்பத்தெட்டு வயது. அந்த அம்மாள் இருக்கிற வரை கூட இருப்பதாகவும், அதற்குப் பிறகே ஊர் திரும்புவதாகவும் ஹெலன் மார்க்கோவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஐந்து நாள் அவள் ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். எட்வர்ட் தினமும் "அவங்க எப்டி கீறாங்க?" என்று விசாரித்தான். மூன்றாம் நாள், கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த அந்த ஒரு நொடியில், தான் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறோம் என்று அவனுக்கே தெரிந்துபோயிற்று. தன்னையே வெறுத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலில் நின்று, தான் பார்த்திராத அந்த அம்மாளின் பேரைச் சொல்லி ஜெபம் செய்தான். முழு மனசோடு செய்தானா என்று கேட்டால் அவனால் சத்தியம் பண்ண முடியாது.

செவ்வாய்க்கிழமை ஹெலன் கூப்பிட்டாள். அந்த அம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். கஞ்சி குடித்தாளாம், இன்னும் கொஞ்சம் கேட்டாளாம்.

"நல்லா பாத்துக்கோ" என்றான் எட்வர்ட். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான்.