தாலி கட்டேக்கை இறங்கிய பூநாரைகள்

தியாகராசாவுக்கு வயிற்றுப்பாடு கல்யாண வீடியோ, மனப்பாடு பறவைகள். எண்பத்தொன்பது மாசியில், நாவற்குழிக் கடல்நீரேரியில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் வந்து இறங்கியதை முழங்கால் சேற்றில் நின்று பதினொரு நிமிசம் பிடித்திருந்தார். பிறகு அந்தப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. பறவையும் வரவில்லை, மனிசரும் போகவில்லை.

இப்போது தொண்ணூற்றுமூன்று. கொழும்பிலிருந்து சிநேகிதன் செல்வநாயகம் கடிதம் போட்டிருந்தான். இயற்கைப் படம் எடுக்கிற நிறுவனம் ஒன்று ஆள் தேடுதாம், பறவைப் படத்தை அனுப்பட்டாம், மனதுக்குப் பிடித்தால் வேலை நிச்சயமாம். வெள்ளிக்கிழமை கிளாலியில் படகேறிக் கொழும்புக்குப் போகிற ஒருவர் கொண்டுபோக ஒத்துக்கொண்டார்.

வியாழன் காலை ஜெனரேற்றர் இரவல் வாங்கிப் பறவைக் கசெற்றைப் போட்டுப் பார்த்தால், பறவை எங்கே? அயல்வீட்டு ஏரம்புவின் மகன் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஐயோ, ஆரை நோகிறது? ஏரியை ஏன் படம் பிடித்தாய் என்று வழியில் மறித்துச் சோதிக்கிறவர்கள் கேட்பார்களென்ற பயத்தில், கசெற்றின் முதுகில் ‘சாமத்தியவீடு, பழசு’ என்று ஏதோ பூப்புச் சடங்குக் கசெற்போல எழுதினது அவரேதான். புதுக் கசெற் ஊருக்குள் வராத காலம் அது. பழசு என்று கண்டதும், மனைவியின் தம்பி, அவரோடு கூட வேலை செய்கிற தம்பிஐயா, அழிபடாமலிருக்க உடைத்துவிட்டிருந்த மூலைத் தகட்டின் ஓட்டையில் சொலோரேப் நாடாவை ஒட்டி, பறவைகளின்மேல் அந்தக் கல்யாணத்தைப் பதிந்துவிட்டான்.

தியாகராசா வாசற்படியில் குந்திவிட்டார். கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. தம்பிஐயா பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்தான்.

"அத்தான், ஏசாதேங்கோ. நல்லூர் அருந்ததியின்ரை கல்யாணக் கசெற்றிலை பறவையள் கிடக்கு."

ஓம், கிடந்தது. இரண்டு வருசத்துக்கு முந்திய அந்த விடியற்காலைக் கல்யாணத்தில், சரியாகத் தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஜெனரேற்றர் நின்று எல்லாம் இருட்டு. வெறும் இடம் விடக்கூடாதென்று இவன் பூநாரைகளைப் பதினொரு நிமிசமும் பிரதிபண்ணி, வேறொரு கல்யாணத்துக் கெட்டிமேளத்தையும் ஏற்றிக் கொடுத்துவிட்டான். என்ரை பறவையள் உன்ரை பந்தலுக்கு வாழைமரமோ என்று தியாகராசா அப்போது கிழித்த கிழியில், இரண்டு மாதம் இரண்டு பேருக்கும் கதைபேச்சில்லை.

சைக்கிளை எடுத்தார். சாவகச்சேரியிலிருந்து நல்லூர் போகும் மட்டும் ஒரே நினைப்புத்தான். தாலி கட்டில்லாத கசெற்றை எந்தக் குடும்பம் வைத்திருக்கும்? அவர்களும் அழித்திருப்பார்களே.

அருந்ததி இடுப்பில் பிள்ளையோடு கதவைத் திறந்தாள். அவர் மென்று விழுங்கி விசயத்தைச் சொல்லி முடிக்க, உள்ளே போய்க் கூறைச்சேலைக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்தாள்.

"அழிக்கச் சொல்லி மாமி நிண்டவ. நான் விடேல்லை. அம்மாவுக்குத் தாலி ஏறேக்கை பறவையெல்லாம் வந்து இறங்கினது எண்டுதான் இவளுக்குக் காட்டுறனான்."

தியாகராசா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின்னேரமே கசெற்றைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று மூன்று தரம் சொன்னார். வீடு வந்து போட்டுப் பார்த்தார். நிறம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஒரு பறவை குறையவில்லை. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். தம்பிஐயா பிரதி எடுத்துக்கொண்டே, மேளச் சத்தத்தை அழிக்கட்டோ என்று கேட்டான்.

"கிடக்கட்டும் விடு," என்றார்.

புதுப் பிரதியின் முதுகில் ‘அருந்ததி கல்யாணம்’ என்று எழுதினார். வழியில் ஆர் மறித்துக் கேட்டாலும் இந்தமுறை பொய்யில்லை. மூலைத் தகட்டைத் தன் கையாலேயே உடைத்தார். பிறகு மேசையில் கிடந்த சொலோரேப்பை எடுத்துத் தன் மடிக்குள் செருகிக்கொண்டார்.