ஒத்து: சந்தனம்

1966 ஆவணியில் வீரணன் பலூன்களை முறுக்கிச் செய்த நாதஸ்வரத்தில் பன்னிரண்டாம் வருஷத்திலும் காற்று இறங்கவில்லை. திருச்சுழிக்குத் தெற்கே, கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்களின் தெருவில் அது இருந்தது. வீரணன் மட்டும் திருவிழாக்களில் பலூன் விற்றார். நீளப் பலூனை மூன்று முறுக்கில் கிளியாக்குவார்.

மகள் முத்துப்பேச்சியின் கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரரிடம் வெற்றிலை பாக்கோடு போனார். அவர் வெற்றிலையைத் தொடவில்லை. "ஒங்க தெருவுக்குள்ள வந்து வாசிச்ச வழக்கம் இல்லப்பா" என்றார். மேளமில்லாமல் தாலி ஏறியதால் வீரணன் மனைவி ஜக்கம்மாளை இருபது வருஷமாக 'ஊமைக் கல்யாணக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள். மகளுக்கும் அந்தப் பேர் வரக் கூடாது என்று வீரணன் பலூன் பையைக் கொட்டினார்.

தெருவில் மூச்சு வலுவுள்ள முப்பத்தாறு பேர் ஆளுக்கொரு பலூன் ஊதினார்கள். சந்தனம் என்கிற கரிக்காரரை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். கரிப்புகையில் நெஞ்சு கெட்டு, அவருக்கு வருஷக்கணக்காக ஒரே சுதியில் இழுத்துக்கொண்டிருந்தது. "அண்ணே, நீங்க ஊதுனா பலூனுக்கும் இழுப்பு வந்துரும்" என்று சிரித்தார் ஜக்கம்மாள். கரிக்காரர்களின் மூச்சு உள்ளே போனதும் சிவப்பும் மஞ்சளுமான பலூன்கள் நாதஸ்வரம் கடைகிற ஆச்சா மரம்போலக் கறுத்தன. வீரணன் இரண்டு நாள் உட்கார்ந்து முறுக்கினார். அதை ஊத வேண்டியதில்லை. விரலை எடுத்தால் உள்ளே இருந்த மூச்சே வாசித்தது.

முகூர்த்தம் ஏழரைக்குள். வீரணன் விரலை எடுத்ததும் கனத்த நாதம் கிளம்பியது, ஆனால் பந்தலில் நிற்கவில்லை. கண்மாய்க் கரை ஏறி வீரசோழன் ரோட்டுக்குப் போய்விட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். மறுபடி வாசித்தும் அப்படியே போயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் தனுஷ்கோடி, "சம்பந்தி, மேளம் பஸ்ஸு ஏறிப் போயிருச்சு போல. சும்மா கட்டிருவமா?" என்றார். முத்துப்பேச்சி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பந்தல் ஓரத்திலிருந்து சந்தனம் ஜக்கம்மாளிடம் இழுத்து இழுத்துச் சொன்னார்: "நாதஸ்வரக்காரவுக வீட்டுக்குக் கரி போடுறப்பப் பாத்திருக்கேன் தாயி. பக்கத்துல ஒருத்தன் ஒரே சத்தமா ஒத்து ஊதுவான். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாட்டு நிக்கும்." கோயிலுக்கு வெளியே தூரத்தில் நின்றே மேளம் கேட்ட தெரு அது. நாதஸ்வரம் மட்டும்தான் அவ்வளவு தூரம் எட்டும். ஒத்து என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

ஜக்கம்மாள் ஒரு பச்சைப் பலூனை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். சந்தனம் ஊதினார். இழுப்பு முழுவதும் அதற்குள் போயிற்று. வீரணன் அதையும் சேர்த்து முறுக்கியதும், ரோட்டுக்குப் போன நாதம் முள்ளுக்காட்டு வழியாகத் திரும்பி வந்து பந்தலில் நின்றது. தாலி ஏறியது. சந்தனத்துக்கு அதன்பிறகு இழுக்கவேயில்லை.

பிறகு சுற்றுப்பட்டில் எத்தனையோ கல்யாணத்துக்கு அது போய் வந்தது. ஒரு முள்ளும் அதைக் குத்தவில்லை. அந்த நாதஸ்வரக்காரரே ஒருநாள் தெரு நடுவில் வந்து நின்று கேட்டு, "சுதி சுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

1978 தையில் சந்தனம் தூக்கத்தில் இறந்தார். மாசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்க ஜக்கம்மாள் அருப்புக்கோட்டைக்குப் போனார். அச்சுக் கோப்பவர் மேளக்காரர்களின் பேர் வரும் வரியில் நிறுத்தி, "ஒத்துக்காரரு தவறிட்டாருல்ல, பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு சேத்துரவா?" என்று கேட்டார்.

"வேணாம். அவுகதான வாசிக்காக" என்றார் ஜக்கம்மாள்.

அவர் தலையாட்டிவிட்டு, வெறும் பேரை மட்டும் கோத்தார்.