படத்தில் இல்லாத அம்பு

கேளம்பாக்கத்து ஆய்வுக்கூடத்தின் இரண்டு அறைகளுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் இல்லை என்பதை நம்பித்தான் ஹாதியாவின் ஆராய்ச்சி நின்றது. நடுவில் ஓர் ஒளிமூலம். அதிலிருந்து இரு அறைக் கருவிகளுக்கும் ஆளுக்கோர் அம்பு. வெண்பலகையில் அவ்வளவுதான் படம். இதற்குள் பழைய இயற்பியல் எப்படிப் புரண்டாலும், இரு கருவிகளும் தரும் விடைகளின் ஒத்திசைவைக் காட்டும் எண் இரண்டைத் தாண்டாது. குவாண்டம் ஒளி தாண்டும்.

அவளுக்கு 2.4 வந்திருந்தது. அதை அறிவிக்கத்தான் வழிகாட்டி ஜெயப்பிரியா மாமல்லபுரத்துக் கருத்தரங்குக்குப் போயிருந்தார்.

ஹாதியாவுக்கு என்னவோ உறுத்தியது. இரு அறைக்கும் போகும் ஒளித்துகள்களைப் பிணைக்கும் குவாண்டம் பின்னலைக் குலைக்கத் தகடு ஒன்றைக் குறுக்கே வைத்து, நகத்தைக் கடித்தபடி மறுபடி ஓட்டினாள். பின்னல் போனால் எண் இரண்டுக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

"இன்னா ஹாதியா, இன்னிக்கி நகந்தான் நாஸ்தாவா?" என்றபடி சமோசாவோடு வந்தான் ஜெரோம். கருவிகளைப் பராமரிப்பவன்.

"சும்மாயிரு. எண் வருது."

2.4.

பின்னல் இல்லாத ஒளிக்கு இது ஆகாத காரியம். அப்படியானால் படத்தில் இல்லாத ஓர் அம்பு எங்கேயோ இருக்கிறது. மூடிய கதவின் சாவித்துவாரத்தில் வாய்வைத்து, ஓர் அறை இன்னோர் அறையிடம் கிசுகிசுக்கிறது.

"ரெண்டு ரூமுக்கும் பொதுவா என்ன இருக்கு, ஜெரோம்?"

"ஒண்ணும் இல்லியே. கரண்டு போய்ப் போய் வந்துகினு ஒரே பேஜாரா இருந்துச்சில்ல? உன் மிஷினு பூடப் போவுதுன்னு..." சமோசா வாயருகே நின்றது. "ரெண்டையும் ஒரே யூபிஎஸ்ல மாட்டி வுட்டேன்."

ஒரு கருவியின் சின்ன அதிர்வு, மின்கம்பி வழியே மற்றதைத் தொட்டிருக்கிறது. இருவரும் ஓடிப்போய் இணைப்பைப் பிரித்தார்கள். மீண்டும் ஓட்டினாள். 1.4.

ஜெயப்பிரியாவை அழைத்தாள்.

"மேடம், அறிவிக்காதீங்க. பின்னலைக் குலைக்கற தகட்டை வெச்சும் 2.4 வந்துச்சு. ரெண்டு கருவிக்கும் நடுவுல மின்சார வழியா ஒரு தொடர்பு இருந்திருக்கு. அதைப் பிரிச்சதும் 1.4."

"தகட்டை எடுத்துட்டு ஓட்டினியா? இப்பவும் ரெண்டைத் தாண்டுதா?"

"தெரியாது மேடம். இன்னும் ஓட்டலை."

"என் பேரைக் கூப்பிடறாங்க, ஹாதியா."

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. நாற்காலி நகர்ந்தது. கைதட்டல். ஒலிபெருக்கியின் கரகரப்பு. பிறகு அந்தக் குரல்: "நான் சொல்ல வந்த முடிவை இன்று சொல்லப்போவதில்லை. எங்கள் படத்தில் ஓர் அம்பு விடுபட்டிருக்கிறது. கண்டுபிடித்தது என் மாணவி ஹாதியா."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. ஹாதியா தகட்டை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.